சிறுவர் ஊழியமும் பயிற்சியும்



வீட்டுக்கு ஒரு கதவு செய்விக்க வேண்டுமாயின், ஊரில் கைதேர்ந்த தச்சர் யார் என்று நான்கு பேரிடம் விசாரிக்கிறோம். நீரிறைக்கும் இயந்திரம் பழுதுபட்டால், அதைத் திருத்தப் பழகியவரையே தேடி அழைக்கிறோம். காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் செல்கிறோம். அவர் எங்கே கற்றவர், எவ்வளவு அனுபவம் உடையவர் என்றும் கேட்டறிகிறோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் பிள்ளையைத் தலைவாரி, வெள்ளுடை உடுத்து, ஓய்வுநாட் பாடசாலைக்கு அனுப்பும்போது, அங்கே அப்பிள்ளையின் முன் அமர்ந்து கடவுள், பாவம், மரணம், மன்னிப்பு என்னும் பெரும் பொருள்களைப் பற்றிப் பேசப்போகிறவர் யார், அதற்கென அவர் என்ன கற்றார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கதவுக்குக் காட்டும் கவனத்தைப் பிள்ளைக்குக் காட்டாதிருத்தல் தகுமா? இவ்வினாவையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

கிறிஸ்தவ சபைகளிலே சிறுவர் ஊழியர், குடும்ப ஊழியர் என இருவகைப் பணியாளர் உளர். சிறுவர் ஊழியர் ஓய்வுநாட் பாடசாலை, விடுமுறைக்கால வகுப்பு, பாலர் பாடசாலை முதலியவற்றை நடத்துவோர். குடும்ப ஊழியர் வீடுகளைச் சந்தித்து, பெற்றோரின் சுமையிற் பங்கு கொள்வோர். பல இடங்களில் இவ்விரு பணியையும் ஒருவரே செய்கிறார். அவர் பெரும்பாலும் இளம் பெண்ணாகவோ, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கும் இளைஞனாகவோ இருப்பார். அவருடைய அன்பிலே நாம் குறை காண இயலாது. அன்பு மட்டும் போதுமா என்பதே நம் கேள்வி.

இப்பணியின் வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்ப்போம். இங்கிலாந்தில் குளொஸ்ரர் என்னும் நகரிலே றொபேட் றெயிக்ஸ் என்பவர் பத்திரிகை ஒன்றை அச்சிட்டு நடத்திவந்தார். அந்நகரின் ஏழைப் பிள்ளைகள் வாரத்தில் ஆறு நாளும் குண்டூசித் தொழிற்சாலைகளில் உழைத்தனர். ஞாயிறு ஒரு நாளே அவர்களுக்கு ஓய்வு. அந்நாளில் அவர்கள் தெருவிலே அலைந்து சீரழிவதைக் கண்டு மனம் வருந்திய றெயிக்ஸ், தோமஸ் ஸ்ரொக் என்னும் குருவானவரோடு சேர்ந்து 1780ஆம் ஆண்டில் அவர்களுக்கென ஞாயிறு வகுப்புகளைத் தொடங்கினார். அவருக்கு முன்னரும் இத்தகைய முயற்சிகள் இருந்ததுண்டு. ஹன்னா போல் என்னும் பெண்மணி 1769இலேயே ஹை விக்கம் என்ற ஊரில் இவ்வாறு ஒரு பள்ளியை நடத்தினார். எனினும், தமது பத்திரிகையின் மூலம் இச்செய்தியை நாடெங்கும் பரப்பி அதனை ஓர் இயக்கமாக்கியவர் றெயிக்ஸ் அவர்களே.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. றெயிக்ஸ் அமர்த்திய ஆசிரியைகள் இலவசமாகக் கற்பித்தவர்கள் அல்லர். ஞாயிறு ஒன்றுக்கு ஒரு சிலிங் கூலி பெற்றவர்கள். ஆகவே, சிறுவர் ஊழியத்துக்கு ஊதியம் கொடுப்பது நவீன காலத்துப் புதுமை என்று எண்ணுவோர், அவ்வூழியம் ஊதியத்தோடுதான் பிறந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். பள்ளிகள் பல்கிப் பெருகியபோது கூலி கொடுக்கப் பணம் போதவில்லை; சபை மக்கள் தாமாகவே முன்வந்து கற்பித்தனர். அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயிரமாயிரம் சாதாரண மக்கள் ஆசிரியராயினர். ஆனால் அந்த நன்மையின் கூடவே ஒரு குறையும் வந்து சேர்ந்தது. மனம் இருந்தாற் போதும், எவரும் கற்பிக்கலாம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

அக்குறையை உணர்ந்தவர்களும் இருந்தனர். அமெரிக்காவிலே ஜோன் வின்சென்ற் என்னும் குருவானவரும் லூயிஸ் மில்லர் என்னும் தொழிலதிபரும் 1874ஆம் ஆண்டில் ஷற்றோக்குவா என்னும் ஏரிக்கரையில் ஒரு கூட்டத்தைக் கூட்டினர். பிற்காலத்தில் பெரும் கல்வி இயக்கமாக வளர்ந்த அந்தக் கூட்டம், தொடக்கத்தில் ஓய்வுநாட் பாடசாலை ஆசிரியரைப் பயிற்றுவதற்கென்றே கூட்டப்பட்டதாகும். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1872இல், எல்லாச் சபைகளுக்கும் எல்லா வயதினருக்கும் ஞாயிறுதோறும் ஒரே வேதபாடம் என்னும் ஒழுங்கும் அந்நாட்டில் ஏற்கப்பட்டிருந்தது. அந்த ஒழுங்கினால் ஆசிரியர்கள் ஒன்றுகூடிப் பாடத்தை ஆயத்தம் செய்ய முடிந்தது. ஆனால் ஐந்து வயதுப் பாலகனும் ஐம்பது வயதுப் பாட்டனும் ஒரே பாடத்தைப் படிப்பதென்றால், அது இருவருள் ஒருவருக்குப் பொருந்தாது என்பது வெளிப்படை. பெரும்பாலும் பொருந்தாமற் போனது பாலகனுக்கே.

இதனை மாற்ற முனைந்தவர்களுள் முக்கியமானவர் ஜோர்ஜ் ஹமில்ற்றன் ஆர்ச்சிபால்ட் என்பவர். கனடா நாட்டவரான இவர் இங்கிலாந்துக்கு வந்து, பேமிங்காம் நகரை அடுத்த செல்லி ஓக் என்னும் இடத்தில், 1907ஆம் ஆண்டில் வெஸ்ற்ஹில் என்னும் பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். கட்பரி குடும்பத்தினர் அதற்குப் பேருதவி செய்தனர். பாலர் பூங்காவை உருவாக்கிய புறோபல் என்னும் ஜேர்மானிய அறிஞரின் கருத்துகளை ஆர்ச்சிபால்ட் ஓய்வுநாட் பாடசாலைக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகளை வயதுக்கேற்பப் பிரித்தார். பெரியவர்களுக்குரிய உயர்ந்த வாங்குகளை அகற்றிவிட்டுச் சிறு நாற்காலிகளை இட்டார். கதையைக் கேட்ட பிள்ளை அதை மணற் தட்டிலே அமைத்தும், வரைந்தும், நடித்தும் காட்ட இடமளித்தார். எல்லாவற்றிலும் மேலாக, பயிற்சி பெற்ற ஒரு தலைவி, தமக்குக் கீழே உள்ள இளம் உதவியாளரை வாரத்தில் ஒரு மாலை கூட்டிவைத்து, வரும் ஞாயிற்றுக்குரிய பாடத்தை அவர்களோடு ஆயத்தம் செய்ய வேண்டும் என்று விதித்தார். எல்லாரும் கல்லூரிக்குச் செல்லல் இயலாது. சென்று வந்த ஒருவர் பத்துப் பேரைப் பயிற்றலாம். இந்த எளிய ஒழுங்கு இன்றும் நமக்குப் பயன்படத்தக்கது. அக்கல்லூரி காலப்போக்கில் ஆசிரியரையும் இளைஞர் பணியாளரையும் பயிற்றும் பெரு நிலையமாக வளர்ந்தது. இன்று இங்கிலாந்தில் சிறுவர், குடும்ப ஊழியர் என்பது விளம்பரம் செய்து, தகைமை பார்த்து, ஊதியம் கொடுத்து அமர்த்தும் ஒரு தொழிலாகவே கருதப்படுகிறது. சபையொன்றிற் பணி செய்துகொண்டே பட்டம் பெறும் படிப்புகளும் அங்கு உண்டு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1814இல் மெதடிஸ்த மிஷனரிமாரும், 1816இல் அமெரிக்க மிஷனரிமாரும் வந்து சேர்ந்தனர். மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ற் ஓராண்டும் நிறைவதற்கு முன்னரே மறைந்தார். அந்தக் குறுகிய காலத்தினுள்ளும் அவர் பள்ளி தொடங்கினார். வட்டுக்கோட்டையில் 1823இலும், உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென 1824இலும் எழுந்த கல்விக்கூடங்களின் புகழை நேயர்கள் நன்கறிவர். அக்காலத்தில் கிராமப் பள்ளி ஆசிரியரே ஞாயிறு வேத ஆசிரியராகவும் இருந்தார். மிஷன் நடத்திய ஆசிரிய கலாசாலைகளில் அவர் பயிற்சி பெற்றிருந்தார். வாரத்தில் ஐந்து நாள் அதே பிள்ளைகளோடு பழகியமையால், எந்தப் பிள்ளை பசியோடு வருகிறது, எந்த வீட்டில் சச்சரவு என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

1960ஆம், 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. சில பாடசாலைகள் மட்டும் தனியார் பாடசாலைகளாக நிலைத்தன. அம்மாற்றத்தின் நன்மை தீமைகளை ஆராய்வது இன்றைய பேச்சின் நோக்கமன்று. நானும் அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபரே. எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி சமமாகக் கிட்ட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அம்மாற்றத்தின் விளைவொன்றைச் சபைகள் முழுமையாக உணர்ந்தனவா என்பது ஐயமே. பயிற்சி பெற்ற ஆசிரியர் அரசாங்க சேவையினரானார். சபையின் கையில் எஞ்சியது வாரத்தில் ஒரு மணி நேரமும், பயிற்சியற்ற தொண்டரும் மட்டுமே. முன்பு பள்ளி செய்த பயிற்சிப் பணியைப் பின்பு யார் செய்வது என்று எவரும் தீர்மானிக்கவில்லை. 1963இல் பிலிமத்தலாவையில் சபைகள் கூடி நிறுவிய இலங்கை இறையியற் கல்லூரி, சிங்களத்திலும் தமிழிலும் குருமாரைப் பயிற்றி வருகிறது. குருமார்க்கு ஆண்டுக்கணக்கிற் பயிற்சி. பிள்ளைகளுக்கு முன் நிற்பவர்க்கோ ஒரு நாட் கருத்தரங்கும் இல்லை என்றால், பிள்ளைகளை நாம் எவ்வளவு சிறிதாக மதிக்கிறோம் என்பது தெரிகிறதன்றோ?

நேயர்களே, இவ்விடயத்தில் நான் பிறரைக் குறைகூற வந்தவனல்லன். என் சொந்தப் பிழை ஒன்றையே உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எனக்கு அப்போது இருபது வயது. பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த காலம். நாட்டிலே போர் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் இடம்பெயர்ந்து தங்கியிருந்த ஊரின் சிற்றாலயத்தில் ஓய்வுநாட் பாடசாலைக்கு ஆசிரியர் இல்லை. ஓரளவு நன்றாகப் பேசுவேன் என்பதற்காக என்னை நியமித்தனர். ஒரு ஞாயிறன்று பிரார்த்தனையைப் பற்றிப் பாடம். நம்பிக்கையோடு கேட்பதைக் கடவுள் மறுக்கமாட்டார் என்று மிக உற்சாகமாகப் பேசினேன். பிள்ளைகள் கண்கொட்டாமற் கேட்டனர். பாடம் நன்றாக நடந்தது என்ற பெருமையோடு வீடு திரும்பினேன்.

அந்த வகுப்பில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். கடற்றொழிலுக்குச் சென்ற அவன் தந்தை திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அறிவும் எனக்கு இருக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, வகுப்பு முடிந்தபின் அவன் என்னிடம் வந்து தன் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினான். பக்கம் முழுவதும் பென்சிற் கோடுகள். ஒவ்வோர் இரவும் தந்தைக்காகப் பிரார்த்தித்தபின் ஒரு கோடு இட்டிருந்தான். “அண்ணை, நான் கேக்கிற விதத்திலை ஏதும் பிழையோ?” என்று கேட்டான்.

நான் சொன்ன விடையை இன்று நினைத்தாலும் என் நெஞ்சு சுடும். “இன்னும் நம்பிக்கையோடு கேள்” என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுச் சென்றான். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. சில கிழமைகளில் அக்குடும்பம் வேறிடம் பெயர்ந்துவிட்டது என்று அறிந்தேன்.

பல ஆண்டுகளின் பின் கல்வி டிப்புளோமாவுக்காக உளவியல் படிக்கும்போதுதான், நான் செய்தது என்னவென்று எனக்கு விளங்கியது. அவ்வயதுப் பிள்ளை தன்னைச் சுற்றி நிகழும் துன்பத்துக்குத் தானே காரணம் என்று எளிதில் எண்ணிவிடும். தந்தை திரும்பாமைக்குத் தன் பிரார்த்தனையின் குறையே காரணம் என்று அவன் அஞ்சியிருந்தான். அந்த அச்சத்தை நீக்க வேண்டிய நான், அதற்கு முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன். என்னிடம் அன்பு இருந்தது, பக்தி இருந்தது. அறிவு இருக்கவில்லை. அந்த அறிவு கிடைத்தற்கரிய ஒன்றன்று. ஓர் அனுபவசாலி அரை மணி நேரம் எனக்கு எடுத்துச் சொல்லியிருந்தால் போதுமாயிருக்கும்.

ஆகவே பயிற்சி வேண்டும் என்று சொல்லும்போது, சான்றிதழ்களையும் பட்டங்களையும் நான் முதலில் நினைக்கவில்லை. அந்தக் கொப்பியைத்தான் நினைக்கிறேன்.

அப்பயிற்சி எவற்றை உள்ளடக்க வேண்டும்? என் அனுபவத்தில் ஐந்து கூறுகளைச் சொல்வேன்.

முதலாவது, பிள்ளையை அறிதல். றொனால்ட் கோல்ட்மன் என்னும் ஆங்கில அறிஞர் வேதாகமக் கதைகள் சிலவற்றைப் பல வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லி, அவர்கள் அவற்றை எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்று ஆராய்ந்து, 1964இல் ஒரு நூலாக வெளியிட்டார். சிறு பிள்ளைகள் கதையின் உட்பொருளைப் பிடிப்பதில்லை. கண்ணாற் காணத்தக்க பொருளாகவே அனைத்தையும் எடுத்துக்கொள்கின்றனர் என்பது அவர் கண்ட முடிபு. அவருடைய முடிபுகள் சிலவற்றைப் பின்வந்தோர் மறுத்தனர். பிள்ளைக்கும் தனக்கே உரிய ஆழ்ந்த ஆன்மீக உணர்வு உண்டு என்று அவர்கள் வாதித்தனர். றோமாபுரியில் சோபியா கவலெற்றி என்னும் அம்மையார், மொன்ரிசோரி முறையைத் தழுவி 1954 முதல் சிறுவர் மறைக்கல்வியை அமைத்தது அந்த நம்பிக்கையினாலேயே. மொன்ரிசோரி அம்மையார் தாமே 1944இல் இலங்கைக்கு வந்து ஆசிரியருக்குக் கற்பித்துச் சென்றவர் என்பதும் நினைவுகூரத்தக்கது. இரு சாராரும் ஒன்றில் உடன்படுகின்றனர்: பிள்ளை என்பது சிறிதாக்கப்பட்ட பெரியவர் அன்று.

இரண்டாவது, பாடத்தை அறிந்து சொல்லுதல். எந்தக் கதையை எந்த வயதிற் சொல்வது, எதனைப் பிறகு சொல்ல வைத்துக்கொள்வது என்பது ஒரு கலை. ஆபிரகாம் தன் மகனைப் பலியிடச் சென்ற கதையை ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொன்னால், அது விசுவாசத்தைக் கற்பதில்லை. தகப்பன் கையிலுள்ள கத்தியைத்தான் காண்கிறது. நரகத்தைக் காட்டி வெருட்டிப் பிள்ளைகளை அமைதியாக்கும் ஆசிரியர் பக்தியை வளர்க்கவில்லை. இரவிலே பிள்ளை திடுக்கிட்டு எழுவதற்கு வழிசெய்கிறார்.

மூன்றாவது, வீட்டை அறிதல். பிள்ளை வாரத்தில் ஒரு மணி நேரம் ஊழியரிடம் இருக்கிறது. மீதி நேரமெல்லாம் குடும்பத்தோடும் பாடசாலையோடும் இருக்கிறது. பெற்றோரே பிள்ளைகளின் முதலாசிரியர் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கல்வி பற்றிய அறிக்கையில் வற்புறுத்தியது. இங்கிலாந்தில் மேரி சம்னர் அம்மையார் 1876இல் தாய்மார் சங்கத்தைத் தொடங்கியதும் இதே எண்ணத்தினாலாகும். நம் நாட்டில் இன்று தாய் மத்திய கிழக்கில் உழைக்க, அம்மம்மாவின் கையில் வளரும் பிள்ளைகள் எத்தனை பேர்! கடனிலே மூழ்கிய வீடுகள் எத்தனை! மதுவினால் நிலைகுலைந்த வீடுகள் எத்தனை! அவ்வீட்டின் படியேறி, குற்றம் காணாமலும், ஊர்க்கதையைக் காவிச் செல்லாமலும் பேசத் தெரிந்திருப்பது பயிற்சியினால் வரும் திறமையே.

நான்காவது, பிள்ளையைப் பாதுகாத்தல். இதைக் கூச்சமின்றிப் பேச வேண்டிய காலம் இது. அவுஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை நடந்த அரச ஆணைக்குழு விசாரணையும், இங்கிலாந்துத் திருச்சபை பற்றி 2020இல் வெளிவந்த சுயாதீன விசாரணை அறிக்கையும், சபைகள் தம் நற்பெயரைக் காக்க முனைந்து பிள்ளைகளைக் காக்கத் தவறியதை உலகறியச் செய்தன. அங்கு நடந்தது இங்கு நடவாது என்று சொல்ல எவராலும் இயலாது. இலங்கை சிறுவர் உரிமைச் சமவாயத்தை 1991இல் ஏற்றது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை நிறுவப்பட்டது. 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அதனுடன் தொடர்புகொள்ளலாம். ஊழியர் ஒருவர் அறிய வேண்டியவை சிலவே. பிள்ளையோடு மூடிய அறையிலே தனித்திருத்தல் ஆகாது. பிள்ளை துன்பமொன்றைச் சொன்னால் இடைமறியாமற் கேட்க வேண்டும். வாயிற் சொல்லைத் திணித்துக் கேள்வி கேட்கலாகாது. “ஒருவருக்கும் சொல்லமாட்டேன்” என்று வாக்களிக்கலாகாது. ஏனெனில் அவ்வாக்கைக் காப்பதே சில வேளை பிள்ளைக்குத் தீங்காகும். கேட்டதைப் பிள்ளையின் சொற்களிலேயே எழுதிவைத்து, உரியவர்க்கு உடனே அறிவிக்க வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் சபையில் எவ்வளவு பெரியவராயினும் இதுவே முறை.

ஐந்தாவது, தன்னை அறிதல். பிறர் துயரைக் கேட்டுக்கொண்டே இருப்பவர் தாமும் சோர்ந்துபோவார். அவர் தம் சுமையை இறக்கிவைக்க ஒரு மூத்தவர் வேண்டும். தம் எல்லை எது, எப்போது வைத்தியரிடமோ உளவளத்துணையாளரிடமோ பிள்ளையை ஒப்படைக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த ஐந்தும் நம் நாட்டில் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன வீடுகளின் பிள்ளைகளை நாம் கண்டோம். 2009இல் போர் முடிந்தபோது முகாம்களில் வாய்பேசாதிருந்த பிள்ளைகளைக் கண்டோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, ஓய்வுநாட் பாடசாலை முடிந்து வெளியே வந்திருந்த பிள்ளைகள் பலர் மாண்டனர். தப்பிய பிள்ளைகள் தம் நண்பர் எங்கே என்று கேட்டிருப்பர். மறு ஞாயிறு அவர்கள் முன் அமர்ந்து விடை சொல்ல வேண்டியவர் யார்? ஓய்வுநாட் பாடசாலை ஆசிரியரன்றோ? அந்த விடைக்கு அவரை ஆயத்தம் செய்யாமல் அனுப்புதல், நீந்தத் தெரியாதவரைப் பிறரைக் காக்கக் கடலில் இறக்குவது போலாகும்.

இதற்குச் சிலர் தடை சொல்வதுண்டு. கடவுளின் அழைப்பு இருக்கும்போது மனிதரின் பயிற்சி எதற்கு என்பர். அழைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழைப்பு ஒருவரை வாசலுக்குக் கொண்டுவருகிறது. உள்ளே சென்று வேலை செய்வதற்குக் கருவி வேண்டும். சுவிசேஷத்தை எழுதிய லூக்கா வைத்தியர் என்று சபையின் மரபு சொல்கிறது. அவருடைய அழைப்பு அவர் கற்ற வைத்தியத்தைக் கெடுத்துவிடவில்லையே! வேறு சிலர், பணம் எங்கே என்பர். ஆலயத்துக்குப் புதிய ஒலிபெருக்கி வாங்கப் பணம் கிடைக்கிறது. திருவிழாவுக்கு அலங்காரம் செய்யக் கிடைக்கிறது. ஒரு சபை ஆண்டுக்கு ஒருவரை மட்டும் பயிற்சிக்கு அனுப்பட்டும். அவர் திரும்பி வந்து, ஆர்ச்சிபால்ட் காட்டிய வழியில், மற்றவர்களை வாரம் ஒரு மாலை கூட்டிவைத்துப் பயிற்றட்டும். அயற் பாடசாலையிலே பாலர் வகுப்பை நடத்தும் ஆசிரியையையும், ஓய்வுபெற்ற அதிபரையும், வைத்தியசாலைத் தாதியையும் அழைத்துப் பேசச் செய்யலாம். இவர்கள் கூலி கேட்கமாட்டார்கள். முழுநேரம் உழைக்கும் ஊழியருக்கோ வாழத்தக்க ஊதியம் கொடுப்பது சபையின் கடன். பக்தியைக் காரணம் காட்டி ஒருவரின் பசியை மறத்தல் நீதியன்று.

பயிற்சி என்ன செய்யும் என்பதற்கு ஒரு சான்று கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி திடீரெனப் பேச்சைக் குறைத்தாள். தாய் வெளிநாட்டுக்கு உழைக்கச் சென்று சில மாதங்களே ஆகியிருந்தன. புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்கியபடியால், ஆசிரியர்களாகிய நாங்கள் அவளைப் படிக்கும்படி வற்புறுத்தினோமே அன்றி வேறொன்றும் செய்யவில்லை. அயற் சபையில் பயிற்சி பெற்ற குடும்ப ஊழியரான இளம்பெண் ஒருவர் அவளைக் கவனித்தார். அவர் அவளைக் கேள்வி கேட்டுத் துளைக்கவில்லை. திறந்த விறாந்தையில் அவளோடு அமர்ந்து படம் வரையவிட்டார். பல நாட்களின் பின் சிறுமி ஒரு சைக்கிளை வரைந்தாள். சைக்கிள் வேண்டும் என்று தான் அழுது கேட்டதனாலேதான் அம்மா வெளிநாடு போனாள் என்று அவள் நம்பியிருந்தாள். அந்த ஊழியர் வீட்டுக்குச் சென்று அம்மம்மாவோடு பேசினார். தாயையும் தொலைபேசியில் அழைத்து, வீட்டுக் கடனுக்காகவே தான் போனதாக அவள் வாயாலேயே மகளுக்குச் சொல்லச் செய்தார். பிறகு எங்களிடமும் வந்து, அவளைச் சிறிது காலம் வற்புறுத்த வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொண்டார். அந்தச் சிறுமி ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனால் ஆண்டிறுதியில் வகுப்பிலே கையுயர்த்திப் பேசினாள். இருபது வயதில் நான் செய்யத் தெரியாதிருந்ததை, ஏறக்குறைய அதே வயதினரான ஒரு பெண் செய்து முடித்ததை நான் கண்ணாரக் கண்டேன். எங்கள் இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு பக்தியிலே அன்று, பயிற்சியிலேதான்.

நேயர்களுள் பிற சமயத்தினரும் பலர் இருப்பீர்கள். இது கிறிஸ்தவர்களின் காரியம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். சைவப் பிள்ளைகளுக்கு அறநெறிப் பாடசாலை உண்டு. இஸ்லாமியப் பிள்ளைகளுக்கு அஹதியாவும் குர்ஆன் மதரசாவும் உண்டு. அங்கேயும் ஒரு தொண்டர் பிள்ளைகளின் முன் அமர்கிறார். அங்கேயும் ஏதோ ஒரு பிள்ளை தன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எவரும் அறியாத கணக்கொன்றை எழுதிக்கொண்டிருக்கலாம். கோவில், பள்ளிவாசல், தேவாலயம் என்ற வேறுபாடு அக்கணக்குக்கு இல்லை.

என் வகுப்பிலிருந்து சென்ற அந்தச் சிறுவன் இன்று எங்கேயாவது உயிரோடிருப்பானாயின், அவனுக்கும் நாற்பது வயது கடந்திருக்கும். அவனுக்கே பிள்ளைகள் இருக்கலாம். இவ்வொலிபரப்பை அவன் கேட்கக்கூடும் என்று எண்ண எனக்கு உரிமையில்லை. எனினும், அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையை இன்றாவது சொல்லிவிடுகிறேன்: தம்பி, நீ கேட்ட விதத்தில் பிழை எதுவும் இல்லை. அப்பா வராதது உன் குற்றமன்று. பிழை, கேட்கத் தெரியாதிருந்த என்னுடையது.

இவ்விடையை உரிய நேரத்தில் சொல்லத்தக்க ஊழியர் ஒவ்வோர் ஊரிலும் இருக்க வேண்டும். அவரை ஆயத்தம் செய்யும் பொறுப்பு நம் எல்லாருடையதும் ஆகும். அடுத்த ஞாயிறு உங்கள் பிள்ளையைக் கையிற் பிடித்து அழைத்துச் செல்லும்போது, வாசலில் சிறிது நின்று, அங்குள்ள ஆசிரியரோடு பேசுங்கள். உங்கள் வீட்டின் நிலைமையை அவருக்குச் சொல்லுங்கள். அவருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று சபையாரிடம் கேளுங்கள். அதுவே நற்றொடக்கமாகும்.